கண்ணை மூடி யோசிக்கிறவர்

அவர் நித்திரை கொள்வதில்லை. எல்லோருக்கும் அவர் சொல்லிவந்தது அதைத்தான். மேசையில் தலை கவிழ்ந்து, வாயோரம் எச்சில் வழிய, பேனா விரலிடுக்கிலேயே நிற்க, அப்படியே கிடப்பார். யாராவது தோளில் தட்டினால் ஒரு கணமும் தடுமாறாமல் நிமிர்ந்து சொல்வார்:

"நான் நித்திரையில்லை. கண்ணை மூடி யோசிச்சனான்."

என்ன யோசித்தீர்கள் என்று கேட்டால் அதற்கும் பதில் வைத்திருப்பார். விண்ணப்பத்தில் தகப்பன் பெயர் ஒரு மாதிரியும் அடையாள அட்டையில் இன்னொரு மாதிரியும் இருக்கிறது, எதை எழுதுவது என்று யோசித்தேன் என்பார். பார்த்தால் அது உண்மையாகவே இருக்கும். நித்திரைக்குள் விழுமுன் கடைசியாகக் கண்ட எழுத்தை எழும்பியதும் எட்டிப் பிடிக்கிற ஒரு வித்தை அவருக்குத் தெரிந்திருந்தது.

திருகோணமலைத் துறைமுகத்தில், மூதூருக்கு லோஞ்சுப் படகு புறப்படும் ஜெட்டிக்கு எதிரே எங்கள் அரசாங்கக் கந்தோர். யுத்த காலம். குடாவின் அக்கரைக்குப் போகிற எவரும் எங்களிடம் வந்து பாஸ் எடுக்கவேண்டும். எங்கள் பிரிவில் மூன்றே பேர். பாஸ் எழுதுவது அவர். தட்டச்சில் பிரதி எடுப்பது நான். கையெழுத்து வைப்பது எங்களுக்கு மேலான பிரதம லிகிதர். எனக்கு அப்போது இருபத்துநான்கு வயது. வேலைக்கு வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது.

அவருக்கு நாற்பது இருக்கும். கட்டையான, தடித்த கழுத்து. சேட்டின் மேல் பொத்தான் ஒருநாளும் பூட்டுப்பட்டதில்லை. விழித்திருக்கும்போதே அவர் மூச்சு விடுவது பக்கத்து மேசைக்குக் கேட்கும். ஆனால் கையெழுத்து அச்சடித்ததுபோல இருக்கும். நித்திரை வருகிற இடத்தில் மட்டும் அந்த எழுத்து கவிழ்ந்துபோகும். 'மூதூர்' என்று எழுதத் தொடங்கிய சொல்லின் வால் கீழே இறங்கி, இரண்டு மூன்று வரிகளைக் கடந்து, தாளின் விளிம்பு வரைக்கும் ஓடிவிடும். அப்படிக் கெட்டுப்போன தாள்களைப் பிரதம லிகிதர் எறிவதில்லை. தன் மேசை லாச்சியில் சேர்த்து வைத்திருந்தார். மாவட்டத் தலைமைக் கந்தோரான கச்சேரியிலிருந்து யாராவது வந்தால் வெளியே எடுத்துக் காட்டிச் சிரிப்பார். நானும் கூடச் சிரிப்பேன்.

சிரித்ததோடு நாங்கள் நிற்கவில்லை. அவருடைய தலை எந்த இடத்தில் விழும் என்று எங்களுக்குத் தெரியும். ஒருநாள் முத்திரை குத்தும் மைப் பெட்டியைத் திறந்து அந்த இடத்தில் வைத்தேன். அன்று பின்னேரம் வரைக்கும் நெற்றியில் ஊதா மையோடு அவர் வரிசையில் நின்றவர்களுக்குப் பாஸ் கொடுத்தார். அதே நெற்றியோடு சைக்கிள் ஓடி வீட்டுக்கும் போனார். மறுநாள் வந்து மைப் பெட்டியை மட்டும் மூடி, மேசையின் அந்தப் பக்க ஓரத்துக்குத் தள்ளி வைத்தார்.

மத்தியானங்களில் அவருடைய மனைவி சாப்பாடு கொண்டுவருவார். மெலிந்த பெண். பிள்ளைகள் இல்லை. கண்ணுக்குக் கீழே கரிய வளையம். அவரும் நித்திரை இல்லாதவர் என்று பார்த்த உடனே தெரியும். புருசன் பெண்சாதி இருவரும் சேர்ந்து இரவில் என்னதான் செய்கிறார்கள் என்று பிரதம லிகிதர் கேட்பார். அவர் அதைக் கேட்கிற விதம் எனக்குப் பிடிக்காது. ஆனாலும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருக்கிறேன்.

ஒரு நாள் மூதூர்ப் பெண் ஒருவர் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். தலையில் போட்டிருந்த சீலை நழுவுவதுகூடத் தெரியாமல் நின்றார்.

"வாப்பா மௌத்தாயிட்டாரு. அஸருக்கு அடக்கம். இந்த லோஞ்சை விட்டா எனக்கு முகம் பாக்க ஏலாது."

அவர் உடனே தாளை எடுத்தார். வரிசையில் நின்ற மற்றவர்களைப் பொறுக்கச் சொன்னார். பெயர் எழுதினார், அடையாள அட்டை இலக்கம் எழுதினார். பிறகு எழுதுகிற மாதிரியே குனிந்தபடி நித்திரையாகிவிட்டார். வெளியே நின்ற பெண்ணுக்கு அது தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் குனிந்த தலையும் தாளில் ஊன்றிய பேனாவும்தான். எனக்குத் தெரியும். நான் சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆள் ஆகக்கூடியது எத்தனை நிமிடம் கிடக்கிறார் என்று குறித்துவைக்கும்படி பிரதம லிகிதர் என்னிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

லோஞ்சு ஊதியது. அந்தப் பெண் வலையைப் பிடித்து உலுக்கினார். அவர் திடுக்கிட்டு எழும்பி, மிச்சத்தை எழுதி, தானே முத்திரை குத்தி, கையெழுத்துக்குக்கூடக் காத்திராமல் ஜெட்டிக்கு ஓடினார். அந்த உடம்போடு அவர் ஓடி நான் கண்டது அந்த ஒரு தடவைதான். லோஞ்சு போய்விட்டது.

அந்தப் பெண் ஏசவில்லை. கந்தோர்ப் படியில் இருந்து, பின்னேரத் தொழுகையான அஸர் நேரம் கழியும்வரைக்கும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எழுதி முடித்த பாஸைக் கையில் பிடித்தபடி இரண்டு படி மேலே நின்றார். பெண் திரும்பிப் பார்க்கவே இல்லை. உள்ளே வந்து கதிரையில் இருந்தபோது அவர் சொன்னார்: "நான் நித்திரையில்லைத் தங்கச்சி. இலக்கத்தைச் சரி பார்த்தனான்." நான் என் தாளில் பதினொரு நிமிடம் என்று குறித்தேன்.

அதற்கடுத்த நாளிலிருந்து பச்சைக் கொச்சிக்காயை நாக்குக்குக் கீழே வைத்துக்கொண்டு வேலை செய்தார். உறைப்பில் கண்ணாலும் மூக்காலும் நீர் கொட்டும். கொச்சிக்காயோடேயே நித்திரையாகவும் பழகிக்கொண்டார். பிறகு கதிரையை அகற்றிவிட்டு நின்றுகொண்டே எழுதிப் பார்த்தார். நின்றபடி நித்திரையாகி அலுமாரியில் மோதி உதட்டைக் கிழித்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் கிண்ணியாவில் நாட்டு வைத்தியரான ஒரு பரிசாரியிடம் போய் மூக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டு வந்தார். அந்தக் காலத்தில் பாலம் இல்லை, 'பாதை' என்று நாங்கள் சொல்கிற பெரிய மிதவையில்தான் கடக்கவேண்டும். அதில் நித்திரையாகி, இறங்காமல், அக்கரைக்கும் இக்கரைக்குமாக மூன்று தரம் போய்வந்தார் என்று பாதைக்காரர்கள் பட்டினம் முழுக்கச் சொல்லிச் சிரித்தார்கள்.

அந்தப் பரிசாரி ஒன்றும் விவரமில்லாதவர் அல்லர். மல்லாக்கப் படுக்காதே, இருட்டுமுன் சாப்பிடு, சோற்றைக் குறை, உடம்பைக் குறை என்று சொல்லியிருக்கிறார். மல்லாக்கப் புரளாமல் இருக்க மனைவி அவருடைய பனியனின் முதுகுப் பக்கத்தில் ஒரு பை தைத்து, பழைய டெனிஸ் பந்து ஒன்றை அதற்குள் வைத்துவிட்டார். இதையெல்லாம் அவரே எங்களுக்குச் சொன்னார். எங்களிடம் சொல்லக்கூடாது என்கிற சூது அவரிடம் இருக்கவில்லை. ஒரு கிழமைக்கு அந்தப் பந்துதான் எங்கள் கதை.

எனக்கு ஐம்பத்தைந்து வயதானபோது, கொழும்பில் ஒரு வைத்தியர் என் தலையிலும் நெஞ்சிலும் வயர்களை ஒட்டி ஓர் இரவு படுக்கவைத்தார். பஸ்ஸில், பூசையில், மகளோடு டெலிபோன் கதைக்கும்போது எல்லாம் நித்திரையாகிக்கொண்டிருந்தேன். காலையில் வைத்தியர் ஒரு நீளத் தாளைக் காட்டினார். அதில் கோடு ஏறி இறங்கிப் போய், ஓரிடத்தில் தட்டையாகக் கிடந்து, மறுபடி எகிறியது. தட்டையாகக் கிடக்கிற இடங்களில் எனக்கு மூச்சு இல்லையாம். தொண்டை மூடிக்கொள்கிறது, மூளை பதறி எழுப்புகிறது, ஆள் மறுபடி விழுகிறார், மறுபடி மூடிக்கொள்கிறது. விடியும்வரை இதுதான் நடக்கிறது. இரவு எட்டு மணித்தியாலம் படுத்தாலும் ஒரு மணித்தியாலம்கூட நித்திரை கொண்டதாகாது என்றார். ஸ்லீப் அப்னியா என்று பெயர் சொன்னார். பிறகு பக்கவாட்டில் படுக்கச் சொன்னார், இரவுச் சாப்பாட்டை நேரத்தோடு முடிக்கச் சொன்னார், உடம்பைக் குறைக்கச் சொன்னார். மூக்கில் கவசம் மாட்டிக் காற்றை உள்ளே தள்ளுகிற ஒரு சின்ன இயந்திரம் தந்தார்.

முதல் இரவு அதை மாட்டிப் படுத்துவிட்டு விடிய எழும்பியபோது, உலகம் கழுவித் துடைத்துவைத்ததுபோல இருந்தது. கட்டிலில் இருந்து அழுதேன். சந்தோசத்தில் அழுகிறேன் என்று என் கணவர் நினைத்தார்.

தலையாட்டி என்ற பட்டத்தை, கந்தோரில் பாஸ் எழுதிய அவருக்கு வைத்தது நான்.

அந்த நாட்களில் பட்டினத்தில் சுற்றிவளைப்பு நடக்கும். ஒலிபெருக்கியில் அறிவித்து, ஆம்பிளைகள் எல்லோரையும் ஒரு வெளியில் கொண்டுபோய் வெயிலில் இருத்துவார்கள். பிறகு ஒவ்வொருவராக ஒரு ஜீப்புக்கு முன்னால் நடக்கவேண்டும். ஜீப்புக்குள் சாக்கால் முகம் மூடி, கண்ணுக்கு இரண்டு ஓட்டை விட்ட ஒருவர் இருப்பார். அவர் தலையாட்டினால் நடந்தவரைக் கொண்டுபோவார்கள். சாக்குக்குள் இருப்பவருக்குத் தலையாட்டி என்று பெயர். எங்கள் பட்டினத்தில் அதைவிடக் கெட்ட சொல் அப்போது இல்லை.

ஒரு முற்பகல். வரிசை விறாந்தையைக் கடந்து தெரு வரைக்கும் நின்றது. அவருக்கு நித்திரை வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு ஆளாக வலைக்கு முன்னால் வர, அவருடைய தலை மெல்ல இறங்கும், வெட்டென்று நிமிரும், மறுபடி இறங்கும். நான் பிரதம லிகிதரைப் பார்த்துச் சொன்னேன்:

"பாருங்கோ, வாற ஆக்களுக்கெல்லாம் தலையாட்டுறார். எங்கடை தலையாட்டி."

பிரதம லிகிதர் மேசையில் அடித்துச் சிரித்தார். வரிசையில் நின்றவர்கள் சிரிக்கவில்லை. அவர் கண்ணைத் திறந்து, எல்லோரும் எதற்கோ சந்தோசமாக இருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டு, தானும் சிரித்தார்.

ஒரு மாதத்துக்குள் அந்தப் பெயர் ஜெட்டிக்குப் போய், லோஞ்சில் ஏறி, அக்கரைக்கும் போய்விட்டது.

பிறகு அந்த நாள் வந்தது. காலை ஒன்பது மணிக்குப் பின் பழைய பதிவேடு ஒன்றைத் தேடிக்கொண்டு அவர் பதிவறைக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது. பிரதம லிகிதர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். நான் போய்ப் பார்த்தேன். கட்டிவைத்த பைல்களின் மேல் சாய்ந்து, வாயைத் திறந்தபடி மல்லாக்கக் கிடந்தார். கதவைச் சாத்திப் பூட்டித் திறப்பை என் லாச்சியில் போட்டேன். மத்தியானம் சாப்பாட்டு நேரத்துக்கு எழும்பிக் கதவைத் தட்டட்டும், அப்போது என்ன சொல்கிறார் என்று பார்ப்போம் என்பதுதான் எங்கள் எண்ணம். அதற்குமேல் ஒன்றும் இல்லை.

அரை மணித்தியாலத்தில் ஒலிபெருக்கி கேட்டது. சுற்றிவளைப்பு. சீருடைக்காரர்கள் உள்ளே வந்து பிரதம லிகிதரையும் வரிசையில் நின்ற ஆம்பிளைகளையும் வெளிக்குக் கொண்டுபோனார்கள். எந்தக் கட்டடத்திலாவது ஆளை ஒளித்து வைத்திருந்தால் ஒளித்தவர்களையும் கொண்டுபோவோம் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். கந்தோரில் நான் மட்டும். கதவுக்கு அந்தப் பக்கம் அவருடைய குறட்டை, மரம் அரிகிற மாதிரி.

திறப்பை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்து அவரை எழுப்பியிருக்கலாம். அதைச் செய்யாமல் தட்டச்சு இயந்திரத்தில் ஒரு தாளைச் செருகி, வாயில் வந்த சொற்களையெல்லாம் அடித்தேன். குறட்டைக்கு மேலாகக் கேட்கவேண்டும் என்று விரல் நோக அடித்தேன். ஒரு சிப்பாய் உள்ளே வந்தார். இளம் ஆள்.

"அடிக்க வேணாம். நிப்பாட்டு," என்றார்.

நிறுத்தினேன். கந்தோர் முழுக்க அமைதியாகிவிட்டது. குறட்டையும் இல்லை. அவருடைய மூச்சு நின்றுபோயிருந்தது. அப்படி இடையிடையே நிற்கும் என்று எங்களுக்குத் தெரியும், அதை வைத்தும் நாங்கள் சிரித்திருக்கிறோம். நின்றால் எவ்வளவு நேரம் நிற்கும் என்று மட்டும் ஒருவரும் குறித்ததில்லை.

சிப்பாய் பதிவறைக் கதவடிக்குப் போனார்.

"உள்ளே ஆள் இருக்கா?"

"இல்லை. பைல் மட்டும்தான்."

"திறப்பு?"

"பெரியவரிட்டை. அவர் வெளியிலை, மற்ற ஆக்களோடை இருக்கிறார்."

சிப்பாய் காதைக் கதவோடு வைத்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மூச்சு வரக்கூடாது என்று வேண்டினேன். நான் கும்பிடுகிற அத்தனை தெய்வங்களையும் கூப்பிட்டு, அந்த மனிதனுக்கு மூச்சு வரக்கூடாது என்று கேட்டேன். அது அப்படியே நின்றுபோனாலும் பரவாயில்லை என்றும் ஒரு நொடி மனதில் ஓடியது. அதை நான் இல்லையென்று சொல்லமாட்டேன்.

வெளியே யாரோ விசில் ஊதினார்கள். சிப்பாய் போய்விட்டார். அவருடைய சப்பாத்துச் சத்தம் முற்றத்தைக் கடந்தபிறகு, அறைக்குள் யாரோ தண்ணீருக்குள்ளிருந்து மேலே வந்ததுபோல ஒரு பெரிய இழுப்புக் கேட்டது. பிறகு மறுபடி குறட்டை.

தெரு அடைபட்டிருந்ததால் அவருடைய மனைவியும் அன்று சாப்பாடு கொண்டுவரவில்லை. பின்னேரம் மூன்று மணிக்கு எல்லாம் முடிந்தது. சத்தமில்லாமல் பூட்டைத் திறந்துவிட்டு என் இடத்தில் வந்து இருந்தேன். கொஞ்சநேரத்தில் அவர் வெளியே வந்தார். கையில் அந்தப் பழைய பதிவேடு.

"நான் நித்திரையில்லைத் தங்கச்சி. இதைத் தேடி எடுக்க நேரமாப் போச்சு." மணிக்கூட்டைப் பார்த்தார். நம்பமுடியாமல் மறுபடி பார்த்தார். "எல்லாரும் எங்கை?"

அன்றைக்கு ஜீப்புக்கு முன்னால் நடந்தவர்களில் ஏழு பேரைக் கொண்டுபோனார்கள். அதில் ஒருவன் எங்கள் கந்தோருக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக்காரரின் மகன். ஒரே பிள்ளை. சாக்குக்குள் இருந்த ஆள் பெரிய உடம்பு என்றார்கள். தலை மெல்ல இறங்கி வெட்டென்று நிமிர்ந்தது என்றார்கள். அது யாரோ, அவரும் எத்தனை நாள் நித்திரையில்லாமல் வைக்கப்பட்டிருந்தாரோ, இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஆனால் துறைமுகப் பக்கத்து ஆம்பிளைகள் அத்தனை பேரும் அந்த வெயிலில் இருந்தார்கள். ஒருவர் மட்டும் இருக்கவில்லை. அவர் எங்கே இருந்தார் என்று கேட்கத் தொடங்கினார்கள். அவருக்கு ஏற்கெனவே ஒரு பெயரும் இருந்தது.

சிப்பாய் வந்துபோனதைப் பிரதம லிகிதரிடம் சொல்லியிருந்தேன். மறுநாள் காலை அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். முகம் வெயிலில் வெந்திருந்தது.

"நாங்கள் பூட்டினது வெளியிலை வந்தால் விளையாட்டு எண்டு எடுக்கமாட்டாங்கள். ஆளை ஒளிச்சு வைச்சது எண்டுதான் எடுப்பாங்கள். நீர் பொய் சொன்னது அந்தச் சிப்பாய்க்குத் தெரிய வரும். உமக்குக் கலியாணம் பேசுகினமல்லோ. வாயைத் திறக்காதையும்."

நான் திறக்கவில்லை.

தேத்தண்ணிக் கடையில் அவருக்குத் தேத்தண்ணி கொடுப்பதை நிறுத்தினார்கள். வரிசையில் நிற்பவர்கள் அவரிடம் தாளைக் கொடுக்காமல் என்னிடம் நீட்டினார்கள். ஐந்தாறு நாள் அவருக்கு என்ன நடக்கிறதென்றே விளங்கவில்லை. விளங்கியபிறகு எல்லோரிடமும் ஒரே பதிலைச் சொன்னார்: நான் பதிவறையில் வேலை செய்துகொண்டிருந்தேன். ஆமிக்காரர் எல்லா இடமும் பார்த்தார்களே, உன்னை மட்டும் ஏன் கொண்டுபோகவில்லை என்று அவர்கள் கேட்டார்கள்.

ஒரு மத்தியானம் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"தங்கச்சி, அண்டைக்கு நீங்கள் முழுக்க இஞ்சை இருந்தனீங்கள்தானே. நான் உள்ளை இருந்ததை நீங்கள் பார்த்தனீங்கள்தானே?"

பிரதம லிகிதர் தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"நான் பார்க்கேல்லை அண்ணை," என்றேன்.

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்படவில்லை. மெதுவாகத் தலையை ஆட்டினார். என்மேல் அவருக்கு நம்பிக்கை இருந்தது. அந்தக் கந்தோரில் பொய் சொல்லாத ஆள் நான் என்று அவர் நினைத்திருந்தார்.

"அப்ப நான் நித்திரையாத்தான் இருந்திருக்கிறன்," என்றார்.

அதை அவர் வாயால் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "தங்கச்சி, நித்திரையிலை ஆக்கள் எழும்பிப் போவினமே? போய் ஏதும் செய்துபோட்டு வந்து படுத்தால் தெரியாதாமே? ஒன்பது மணிக்கு அறைக்குள்ளை போனது ஞாபகம். பிறகு மூண்டு மணி. இடையிலை ஒண்டும் இல்லை. எனக்குப் பயமாக் கிடக்கு."

"எனக்குத் தெரியாது அண்ணை," என்றேன்.

அவருடைய வாழ்க்கையில் ஒவ்வொரு நாளும் இப்படி நேரங்கள் காணாமற்போயிருந்தன. லோஞ்சு போய்விட்டிருந்தது, நெற்றியில் மை இருந்தது, பாதை அக்கரைக்கும் இக்கரைக்கும் போயிருந்தது. ஒவ்வொரு முறையும் விழித்துப் பார்த்தால் தான் ஏதோ பிழை செய்திருப்பதை மற்றவர்கள்தான் அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். இந்த முறையும் அவர்கள் சொன்னதை நம்பினார். நான் அவருக்குக் கொடுத்தது அதைத்தான்.

அதற்கு மூன்றாம் நாள் அவர் தேத்தண்ணிக் கடைக்குப் போனார். கடை நிறைய ஆட்கள் இருந்தார்கள். யன்னலால் எல்லாம் எனக்குத் தெரிந்தது, கேட்டது. மகனைப் பறிகொடுத்த மனிதர் அடுப்படியில் நின்றார். இவர் அவருக்கு முன்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"எனக்கு ஒரு நோய் வருத்தம் இருக்கு. நான் நித்திரை கொள்ளுறவன். எங்கை எண்டில்லை, எப்ப எண்டில்லை. நித்திரையிலை என்ன செய்தனான் எண்டு எனக்குத் தெரியாது. நான் செய்திருந்தால் மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

கடைக்காரர் கொதிதண்ணிக் கேத்திலைக் கையில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தபடி நின்றார். ஊற்றிவிடுவார் என்று நினைத்தேன். ஊற்றவில்லை. கேத்திலை அடுப்பில் வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, "எல்லாருக்கும் கேட்டதுதானே," என்று மட்டும் சொன்னார்.

எல்லோருக்கும் கேட்டது. அது ஒப்புதல் வாக்குமூலமாக அக்கரைக்குப் போனது. பத்து நாளில், அக்கரையைக் கையில் வைத்திருந்த இயக்கத்திலிருந்து ஆள் வந்தது. விசாரணைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். வராவிட்டால் வீட்டுக்கு வருவோம் என்றும் சொல்லியிருந்தார்கள்.

அவர் தன்னுடைய பாஸைத் தானே எழுதினார். ஒரு எழுத்தும் சரியவில்லை. பயணத்தின் நோக்கம் என்ற இடத்தில் சொந்த அலுவல் என்று எழுதினார். நான் அதைத் தட்டச்சு செய்தேன். பிரதம லிகிதர் கையெழுத்து வைத்தார். பாஸை வாங்கும்போது என் மேசைக்கு முன்னால் கொஞ்சம் கூடுதலாக நின்றார்.

"அவையள் விசாரிச்சுக் கண்டுபிடிப்பினம்தானே தங்கச்சி? செய்தனானோ இல்லையோ எண்டு எனக்கும் தெரியவேணும்."

வாயைத் திறந்தேன். பிரதம லிகிதர் இருமினார். மூடிக்கொண்டேன்.

லோஞ்சு புறப்படுமுன்பே அவர் நித்திரையாகிவிட்டதை யன்னலால் கண்டேன். பக்கத்தில் இருந்தவர் எழும்பி வேறு இடத்துக்குப் போய் இருந்தார். அவர் திரும்பி வரவில்லை. உடலும் வரவில்லை. அவருடைய கதிரைக்கு இரண்டு மாதத்தில் வேறொருவர் வந்தார். நல்ல சுறுசுறுப்பான ஆள்.

இயந்திரம் வைத்துப் படுக்கத் தொடங்கிய அந்த மாதமே நான் திருகோணமலைக்கு பஸ் ஏறினேன். முப்பது வருடம் கழித்து. கொழும்பில் ஏறி, கந்தளாய்க் குளம் தாண்டி, பட்டினத்தில் இறங்கும்வரை கண் மூடவில்லை. அதற்கு முன்பென்றால் பஸ் புறப்படுமுன்பே விழுந்திருப்பேன். பிரதம லிகிதர் எப்போதோ செத்துப்போயிருந்தார். தேத்தண்ணிக் கடை இருந்த இடத்தில் டெலிபோன் விற்றார்கள். கடைத்தெருவில் மான்கள் காய்கறிக் கழிவைத் தின்றுகொண்டு நின்றன.

அவருடைய மனைவி உப்புவெளிப் பக்கம் அதே வீட்டில் இருந்தார். எழுபது வயது. என்னை உடனே அடையாளம் கண்டார். "ரைப் அடிக்கிற பிள்ளையல்லோ. உங்களைப் பற்றி அவர் எப்பவும் நல்லாத்தான் சொல்லுவார்," என்று கதிரையைத் துடைத்துப் போட்டார். தேத்தண்ணி கொண்டுவந்து கையில் தந்தார்.

எல்லாவற்றையும் சொன்னேன். பட்டம் வைத்தது, பூட்டியது, சிப்பாய் கதவில் காது வைத்தது, பார்க்கவில்லை, தெரியாது என்று அவரிடம் சொன்னது எல்லாம். அவருக்கு இருந்தது ஒரு நோய் என்றும், எனக்கும் அதுதான் என்றும், இப்போது அதற்கு இயந்திரம் இருக்கிறது என்றும் சொன்னேன்.

அவர் கேட்டார்: "ஒன்பது மணியிலையிருந்து மூண்டு மணி மட்டும் தனியவோ பூட்டி வைச்சிருந்தனீங்கள்?"

"ஓம் அக்கா."

"மூச்சு நிண்டால் தட்டிவிட ஒருத்தரும் பக்கத்திலை இல்லாமல்." தன் வலது கையைப் பார்த்தார். "பதினாலு வருசம் நான் அவரின்ரை நெஞ்சிலை கை வைச்சுக்கொண்டுதான் படுத்தனான். நிக்கும். தட்டுவன். திரும்ப நிக்கும். திரும்பத் தட்டுவன். ஒரு நாளும் அவருக்குச் சொன்னதில்லை. சொன்னால் படுக்கப் பயப்படுவார்."

நான் மன்னிப்புக் கேட்டேன். அழுதேன். அவர் அழவில்லை.

"பிள்ளை," என்றார், "அவர் போகமுதல் எனக்குச் சொன்னவர், நான்தான் நித்திரையிலை போய்ச் செய்திருக்கிறன் போல எண்டு. நானும் அதை நம்பினனான். ஏழு வீட்டுப் பிள்ளையளை அந்த மனுசன் காட்டிக் குடுத்துப்போட்டுது, அதுக்கு அவங்கள் செய்தாங்கள் எண்டு நினைச்சுத்தான் இவ்வளவு காலமும் இருந்தனான். கஷ்டமெண்டாலும் அதிலை ஒரு நியாயம் இருந்தது. அந்த நியாயத்தோடை நான் சோறு தின்னப் பழகியிருந்தனான். இப்ப நீங்கள் வந்து அதையும் எடுத்துப்போட்டீங்கள்."

நான் பாதி குடித்திருந்த தேத்தண்ணிக் கோப்பையை என் கையிலிருந்து வாங்கினார். வாசலுக்கு வெளியே சென்று மிச்சத்தை மண்ணில் ஊற்றினார். பிறகு கோப்பையோடு குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கொஞ்சநேரம் இருந்து பார்த்தேன். திறக்கவில்லை. கடைசி பஸ் போகுமுன் எழும்பி நடந்தேன்.